பதிவுத் தபாலுக்குள் பதிவுத் தபால்

எங்கள் ஆஸ்பத்திரியில் எது நின்றாலும் முதல் திட்டு வயர்க்காரருக்குத்தான். லிஃப்ட் நின்றால் அவர், டோக்கன் மிஷின் நின்றால் அவர், சுவர்க் கடிகாரம் நின்றால்கூட அவர். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைப்பது அவர் வேலை. அதில் வயர் என்பது கால்வாசிகூட இல்லை. இதை முதல் இரண்டு வருடம் ஒவ்வொருவராகப் பிடித்து விளக்கிப் பார்த்தார். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பிறகு "வயர்க்காரரே" என்று யாராவது கத்தினால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

நான் அங்கே ஸ்கேன் எடுப்பவள். பத்து வருடமாக அவரோடு சண்டை போட்டவள் என்றும் சொல்லலாம். நான் அவரை அண்ணே என்பேன். அவர் மனசு நன்றாக இருந்தால் என்னைத் தங்கச்சி என்பார். கோபம் வந்தால் மேடம் என்பார். மேடம் என்று கூப்பிட்ட நாட்கள்தான் அதிகம். என் வாய் அப்படி.

அவர் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் ஆபரேட்டராக வந்தவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று இருபது வருடம் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு அழைப்பு பாதியில் அறுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காதாம். இதை எனக்குச் சொன்னது அண்ணி, அவர் மனைவி. பழைய டெலிபோன் போர்டைக் கழற்றி எறிந்தபோது நிர்வாகம் அவரை வாசலில் காவலுக்கு உட்காரச் சொன்னது. அவர் நாற்பது வயதில், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, நெட்வொர்க் புத்தகங்களைப் படித்துத் தேறினார். மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களும் பினாயில் டப்பாக்களும் இருந்த அறையில் பாதியை அவருக்கு ஒதுக்கினார்கள். தலை நிமிர்ந்தால் இடிக்கும். அங்கேதான் பத்து வருடம் குனிந்தே வேலை பார்த்தார்.

எங்களுடையது கிளை ஆஸ்பத்திரி. ஸ்கேன் மிஷின் உண்டு, படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் டாக்டர் கிடையாது. அவர் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நான் எடுக்கும் படங்களை லைன் வழியாக அனுப்புவேன். அவர் பார்த்துவிட்டுப் போனில் சொல்வார். சாதாரணமாக ஏழு நிமிடம். அந்த லைன் யாரோ ஒரு கம்பெனியுடையது, கோபுரத்துக்குக் கோபுரம் தாவிப் போவது. நோயாளி விவரம் அதில் வெட்டவெளியாகப் போகக் கூடாது. ஆகவே பூட்டிய பைக்குள் போட்டு அனுப்புவார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு டனல் என்று பெயர்.

அந்தப் பையைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "உள்ள இருக்கிற கடுதாசி பதிவுத் தபால், தங்கச்சி. சேர்ந்துச்சுன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வரணும். வரலேன்னா இவன் நகல் எடுத்து மறுபடி அனுப்புவான். வெளிப்பை சாதாரணத் தபால். போனா போச்சு, தொலைஞ்சா தொலைஞ்சுது. அதுக்கு யாரும் அழ வேண்டியதில்ல. உள்ள இருக்கிறவன் பார்த்துக்குவான். காவலுக்கு ஒருத்தன் போதும்."

அந்த ஏற்பாட்டில் எப்போதாவது, இருபது முறைக்கு ஒரு முறை, படம் பாதியில் அறுந்துவிடும். "அனுப்ப முடியவில்லை" என்று திரை சொல்லும். நோயாளியை மேசையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரியும். நேரே படிக்கட்டுக்கு அடியில் போய் நிற்பேன்.

"அண்ணே, நீங்க சம்பளம் வாங்குறது எதுக்கு?"

"மேடம், லைன் என் மாமனார் வீட்டுது இல்ல. மேகம் வந்தா கொஞ்சம் தொலையும்."

"ஒண்ணுகூடத் தொலையக் கூடாது. அதுக்கு வழி பண்ணுங்க."

நான் வாயால் கேட்டதை வேறொருவர் கையால் செய்துவைத்தார். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களுக்கு வைரஸ் புகுந்ததாகச் செய்தி வந்ததும், பெரிய ஆஸ்பத்திரியின் பாதுகாப்பு அதிகாரி ஒரே காலையில் கம்ப்யூட்டர்களுக்குள் லைன் நுழைகிற எல்லாக் கதவுகளையும் அடைத்தார். சாதாரணத் தபால் போகிற கதவும் அதில் போய்விட்டது. வெப்சைட் பார்க்கிற கதவு ஒன்றுதான் மிச்சம். அதில் பதிவுத் தபால் மட்டுமே நுழையும். வயர்க்காரர் பழைய கதவைக் கேட்டு மூன்று கடிதம் எழுதினார். கிணற்றில் போட்ட கல். இரண்டு நாள் ஸ்கேன் போகவில்லை. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் வெளிப்பையையும் பதிவுத் தபாலாக மாற்றி, திறந்திருந்த கதவு வழியாக விட்டார். போனது. அழகாகப் போனது.

ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. என் அறைக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இப்ப காவலுக்கு ரெண்டு பேர். வெளிப்பைக்காரனும் அட்டைக்குக் காத்திருப்பான், உள்ள இருக்கிறவனும் காத்திருப்பான். லைன் நல்லா இருந்தா பிரச்சினையே இல்ல. கெட்டுதுன்னு வை, பைக்காரன் தொலைஞ்ச பையையே திரும்பத் திரும்ப அனுப்புவான். அது சேர்ற வரைக்கும் பின்னாடி வர்ற பையெல்லாம் வரிசையில நிக்கும். உள்ள இருக்கிறவனுக்கு இந்தக் கதை தெரியாது. அட்டை வரலையேன்னு அவன் நகல் மேல நகலா எழுதி, அதே வரிசையில கொண்டாந்து நிறுத்துவான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எதுவும் தொலையாது. எதுவும் போயும் சேராது."

"தொலையாதுல்ல? அது போதும்ணே எனக்கு" என்றேன். இந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

லைனை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்துச் சோதிக்க ஒரு முறை இருக்கிறதாம். அதற்கு இரண்டு மணி நேரம் எல்லா வார்டும் கம்ப்யூட்டரை விட வேண்டும். யாரும் விடவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று வாரம் போயிற்று. அது கோடைக்காலம். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. மாத அறிக்கையில் தொலைந்தவை என்ற இடத்தில் சுழியம் வந்தது. அடுத்த மாதமும் சுழியம். இருபது வருடம் அறுந்த அழைப்புக்காகச் சாப்பாட்டைத் தள்ளியவருக்கு அந்தச் சுழியம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு தாளையும் பினாயில் அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தார். நானும் சும்மா இருக்காமல், "அண்ணே, இப்பத்தான் நீங்க ஆம்பள" என்று கிண்டல் செய்தேன். சோதனை என்ற பேச்சை அதற்குப் பிறகு அவரும் எடுக்கவில்லை.

மழைக்காலத்தின் முதல் பெரிய மழை ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் வந்தது. ஒன்றே முக்கால் மணிக்கு ஹாரன் வராந்தாவில் விழுந்தான்.

ஹாரன் எங்கள் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன். கூட்டத்தில் வழி கேட்க வாயாலேயே பீம், பீம் என்று லாரி ஹாரன் அடிப்பான். வலியில் கிடக்கிற நோயாளிகூடச் சிரித்துவிடுவான். நாற்பத்திமூன்று வயது. அவன் தள்ளிப் பழகிய ஸ்ட்ரெச்சரில் அவனையே போட்டு என்னிடம் கொண்டுவந்தார்கள். வலது கை தொங்கியது, வாய் கோணியிருந்தது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு, எங்கள் ஃப்ரிட்ஜிலேயே ஒன்று இருந்தது. விழுந்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் உள்ளே ரத்தக் கசிவு இருந்து போட்டுவிட்டால் ஆள் அங்கேயே முடிந்துவிடுவான். கசிவு இல்லை என்று படம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் கீழே இருந்தார்.

ஆக, ஆறே கால் மணிக்குள் ஒன்று படம் கீழே போக வேண்டும், இல்லை ஹாரன் போக வேண்டும். மழையில் ஆம்புலன்ஸ் இறங்க இரண்டே முக்கால் மணி நேரம். மூன்றரைக்கு மேல் கிளம்பினால் பிரயோஜனம் இல்லை.

இரண்டு பத்துக்குப் படத்தை அனுப்பினேன். ஏழு நிமிடத்தில் முடிய வேண்டியது, இரண்டரைக்கு இருபது சதவீதத்தில் நின்றது. செல்போன் கோபுரம் மழையில் செத்துக் கிடந்தது, இல்லாவிட்டால் திரையைப் போட்டோ எடுத்தாவது அனுப்பியிருப்பேன். வெறும் மேசைப் போன்தான் இருந்தது. டியூட்டி டாக்டரம்மா அதைப் பிடித்துக்கொண்டு கீழே கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வந்துட்டிருக்கு, வந்துட்டிருக்கு. படக் கட்டு முழுசா வந்தாத்தான் திறக்கும்" என்று அந்தப் பக்கம் சொன்னார்கள்.

பொறுக்க மாட்டாமல் நான் மறுபடி அனுப்பு என்ற பொத்தானை அமுக்கினேன். முதல் கட்டுக்குப் பின்னால் இரண்டாவது கட்டும் போய் வரிசையில் நின்றது. வயர்க்காரர் தலைதெறிக்க மேலே ஓடிவந்தார்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்திடலாமா?" என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார். மணி இரண்டே முக்கால். "சொல்லுங்க, இது போகுமா போகாதா?"

அவர் திரையைப் பார்த்தார். முப்பத்தெட்டு என்றிருந்தது. நாங்கள் பார்க்கும்போதே நாற்பத்தொன்று ஆனது.

"நகருது டாக்டர். லைன் அறுந்து போகல. கொஞ்சம் இருங்க" என்றார்.

மூன்று மணிக்கு ஐம்பத்தைந்து. மூன்றே காலுக்கு அறுபத்திரண்டு. நின்றுவிட்டது என்று நாங்கள் கையை உதறும்போதெல்லாம் அது ஒரு அடி எடுத்துவைத்தது. லைனை அறுத்து, முதலிலிருந்து விடலாமா என்று நான் அவரிடம் கேட்டேன். "இவ்வளவு தூரம் வந்ததை எப்படி அறுக்கிறது, தங்கச்சி?" என்றார். எனக்கும் அறுக்க மனம் வரவில்லை. அறுபத்திரண்டு சதவீதம் போனதைக் கொண்டுபோய் யாராவது குப்பையில் போடுவார்களா? இன்னும் கொஞ்சம்தான் என்று டாக்டரம்மாவிடம் நானும் சொன்னேன். மூன்றரையும் தாண்டிப் போயிற்று. ஹாரனின் மனைவி வாசலில் நின்று, இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்து எடுத்து மறுபடி செருகிக்கொண்டிருந்தாள். ஹாரன் என்னையே பார்த்தபடி கிடந்தான்.

நாலரைக்கு எழுபத்தொன்பது. டாக்டரம்மா போனை வைத்துவிட்டு, "ஏத்துங்க. கீழ வேற வைத்தியமாவது பார்க்கட்டும்" என்றார். தள்ளுவதற்கு ஆளில்லை. நானும் வயர்க்காரரும் தள்ளினோம். ஆம்புலன்ஸ் கீழே சேர்ந்தபோது ஏழே கால். படம் அதற்கும் அரைமணி கழித்து முழுசாகப் போய்ச் சேர்ந்ததாம். ஒன்றுகூடத் தொலையவில்லை. கசிவு இல்லாத, சுத்தமான அடைப்பு. ஊசி போட்டிருக்கலாம். ஹாரனுக்கு உயிர் மிஞ்சியது, வலது பக்கம் விழுந்தது விழுந்ததுதான்.

விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். மழை, லைன் கெட்டுவிட்டது, இயற்கை என்று எழுதிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது, மறைப்பானேன். வயர்க்காரருக்கு மட்டும் ஆறவில்லை. அன்றைய கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து ஒரு வாரம் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"லைன்ல நூத்துக்கு ஆறுதான் தொலைஞ்சிருக்கு. பழைய மாதிரி இருந்திருந்தா தட்டுத் தடுமாறி அரை மணியில போயிருக்கும். இல்லேன்னா அறுந்து, முடியலன்னு சொல்லியிருக்கும். ரெண்டுல எது நடந்திருந்தாலும் அவன் எழுந்து நடந்திருப்பான். போகவும் விடாம, சாகவும் விடாம நடுவுல தொங்க விட்டது நான்."

"நானும்தாண்ணே" என்றேன்.

அதை அவர் கேட்டமாதிரி தெரியவில்லை. அதையெல்லாம் அப்படியே எழுதிப் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பினார், பழைய கதவைத் திறந்துவிடும்படி மறுபடியும் கேட்டார். இந்த முறை பதில் வந்தது. லைன் கம்பெனியோடு வழக்கு நடக்கிறது, அது முடியும்வரை எதையும் மாற்றக் கூடாது, இப்படிக் கடிதம் எழுதவும் கூடாது.

இரண்டு மாதம் கழித்து அவர் ஹாரன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். ஒற்றை அறை. ஜன்னலோரம் கட்டில், கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் வாளி, சுவரில் கை பிடித்து நடக்க அடித்த மரச்சட்டம். ஹாரன் தலையணையில் சாய்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி மலர்ந்தது. அவன் மனைவி எங்களை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, அவன் வாயோரத்தைத் துடைத்தாள்.

வயர்க்காரர் எல்லாவற்றையும் சொன்னார். பதிவுத் தபால், பை, வரிசை, கோடையில் சோதிக்காமல் விட்டது, அறுக்காமல் விட்டது, எதையும் விடவில்லை. கடைசியில், "மழை இல்லம்மா. என் தப்பு" என்றார்.

"ஆமா" என்றான் ஹாரன்.

தெளிவாக, பழைய குரலில் வந்தது. வயர்க்காரர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். ஐம்பது வயது மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"அதுக்கு எதுவும் அர்த்தம் வச்சுக்காதீங்க" என்றாள் அவன் மனைவி. "அவருக்கு மிஞ்சின வார்த்தை அது ஒண்ணுதான். பசிச்சாலும் அதான், வேணாம்னாலும் அதான். முந்தாநாள் வெந்நீர் கால்ல கொட்டிடுச்சு. அப்பவும் ஆமா ஆமான்னுதான் கத்தினாரு."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானும் சேர்ந்துதான் செய்தேன், மறுபடி அனுப்பு என்று அமுக்கினது நான்தான் என்று உளறிக்கொட்டினேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவரைத்தான் கேட்டாள்.

"இப்ப அதை மாத்தியாச்சா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லம்மா. மேல அனுமதி தரல" என்றார்.

"அப்ப நாளைக்கு மழை வந்து, வேற ஒருத்தர் விழுந்தா?"

அவர் கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

"இங்க உக்காந்து என்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது? இத்தனை நாள் மழையைத் திட்டிட்டு ஒருவிதமா இருந்தேன். இப்ப அதுவும் போச்சு. எழுந்திருங்க. போய் மாத்துங்க."

மறுநாள் அவர் கீழே போனார். பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவருக்குத் தெரிந்த பழைய ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். அனுமதி இல்லாமல் பழைய கதவைத் திறந்து, வெளிப்பையைச் சாதாரணத் தபாலாக்கிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் திரும்பிவிட்டார். பன்னிரண்டாம் நாள் கண்டுபிடித்தார்கள். பாதுகாப்பை மீறியதற்காக வேலையிலிருந்து நீக்கம் என்று ஒரு பக்கக் கடிதம். கதவை மறுபடி அடைக்க வந்தபோது டாக்டரம்மா, அடைத்தால் இனி ஒரு ஸ்கேனுக்கும் பொறுப்பேற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே திறந்தவரை வெளியே தள்ளினார்கள், திறந்த கதவை அப்படியே விட்டுவிட்டார்கள். படிக்கட்டடி அறையைக் காலி செய்யும்போது சுழியம் போட்ட அந்த இரண்டு தாளையும் அவரே கிழித்தார். இப்போது கடைத்தெருவில் காமிரா மாட்டும் கடையொன்றில் ஏணி ஏறிக்கொண்டிருக்கிறார். அண்ணிதான் சொன்னாள்.

போன மாதம் இன்னொரு பெரிய மழை. தையல் வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள், அதே மாதிரி வாய் கோணி, கை தொங்கி. படம் பாதியில் அறுந்தது. முடியவில்லை என்று திரை சொன்னதும் டாக்டரம்மா ஒரு வார்த்தை பேசாமல் ஆம்புலன்ஸைக் கிளப்பினார். கீழே போய், ஊசி போட்டு, ஆறாம் நாள் அந்தப் பெண் தன் காலால் நடந்து வந்து என் அறை வாசலில் நின்று, "என்னைத் தெரியுதாக்கா?" என்று கேட்டாள். வார்த்தை குழறவே இல்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே வயர்க்காரருக்குப் போன் போட்டேன். அண்ணே, நீங்க திறந்த கதவால ஒருத்தி பேசுறாண்ணே என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அனுப்ப ஆரம்பிச்சு எத்தனாவது நிமிஷத்துல அறுந்துச்சு, தங்கச்சி?" என்று கேட்டார்.

"நாலாவது நிமிஷம்ணே."

"நாலு" என்றார். "அப்ப அன்னைக்கு ரெண்டே காலுக்கே ஹாரனை வண்டியில ஏத்தியிருக்கலாம்" என்றார்.